வாரத்துக்கு விட்ட பாம்பு

ரஃபீக்குக்கு இருசம்மாள் தரவேண்டிய பாக்கி நாற்பத்தோராயிரத்து எழுநூறு ரூபாய். இதில் வட்டி கிடையாது. வட்டி வாங்குவது அவன் மார்க்கத்தில் ஆகாது. ஆனால் வட்டி இல்லாத கடன்தான் தொண்டையிலேயே நிற்கும். வட்டிக்காரன் வாசலில் வந்து கத்திவிட்டுப் போவான், நாமும் மனசுக்குள் நாலு திட்டுத் திட்டிவிட்டுச் சோறு தின்னலாம். ரஃபீக் கேட்கவே மாட்டான். காலையில் பால் ஊற்றப் போகும்போது, "என்னக்கா, அண்ணனுக்கு இடுப்பு எப்படி இருக்கு?" என்பான், அவ்வளவுதான். திரும்புகிற வழியெல்லாம் அவளுக்குக் காலிக் கேன் கனக்கும்.

கடன் வந்த கதை பெரிய கதை இல்லை. மேலூரில் வாய்க்கால் ஓரமாகத் தகரம் போட்ட மாட்டுக்கொட்டகை, அதை ஒட்டி ஒற்றை அறை வீடு. கொட்டகையில் செவலை, மயிலை என்று இரண்டு மாடு நின்றன. மயிலை அம்மை போட்டுச் செத்தது. அந்தத் துக்கம் ஆறுவதற்குள், காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் இறக்கிக்கொண்டிருந்த அவள் புருஷன் ரெங்கராசு லாரிப் பலகை வழுக்கிக் கீழே விழுந்தான். இடுப்பெலும்பு விட்டுப்போனது. ஆஸ்பத்திரியில் பணம் கட்டு என்றார்கள். பால் ஊற்றுகிற வீடுகளில் எல்லாம் இருசம்மாள் கேட்டு நின்று பார்த்தாள். கொடுத்தவன் ரஃபீக் ஒருத்தன்தான். திருவானைக்காவலில் மீன்தொட்டிக் கடை வைத்திருக்கிறவன். கீழே கடை, மாடியில் வீடு.

அந்தப் பாம்பு அந்தக் கடையில் இருந்தது. நம் ஊர்ப் பாம்பு இல்லை, ஆப்பிரிக்கா பக்கத்துச் சாதி. விஷம் கிடையாது. கறுப்பும் சந்தன நிறமுமாகத் திட்டுத்திட்டாக இருக்கும். தொட்டால் தலையை உள்ளே வைத்துப் பந்துமாதிரி சுருண்டுகொள்ளும். அரசாங்கத்தில் பதிய வேண்டியதையெல்லாம் பதிந்துதான் ரஃபீக் வளர்த்தான். சிநேகிதன் ஒருத்தன் வைத்திருந்த ஆண் பாம்போடு சேர்த்துவிட்டான், சினை பிடித்தது. அதே சமயத்தில் அவன் மனைவி ஸஹ்ராவும் உண்டாகியிருந்தாள்.

"ஒரே கூரைக்குக் கீழ ரெண்டு புள்ளத்தாச்சி வேண்டாம்னுட்டாக்கா," என்றான் ரஃபீக் ஒருநாள் பால் வாங்கும்போது. "ஒண்ணு அது போகணும், இல்லாட்டி நான் முசிறிக்கு அம்மா வீட்டுக்குப் போறேங்கறா. முட்டை போடற நேரம். எங்க கொண்டுபோய் வைக்கிறதுன்னே தெரியல."

இருசம்மாள் கேனை மூடிக்கொண்டே சொன்னாள்: "எனக்கு வாரத்துக்குக் குடு தம்பி."

"என்னது?"

"ஆடு மாடெல்லாம் வாரத்துக்கு விடறதில்ல? தாய் ஒன்னுது. வளக்கிற பாடு என்னுது. ஈத்துல பாதி ஒனக்கு, பாதி எனக்கு. என் பாதிய நீயே வித்துக் கடன்ல கழிச்சுக்க."

ரஃபீக் சிரித்தான். "யக்கா, இது ஆடு இல்லக்கா."

"வயித்துல சொமக்கிறது எல்லாம் ஒண்ணுதான்."

சிரித்தவன் யோசித்தான். குட்டி ஒன்று பன்னிரண்டாயிரத்துக்குப் போகும் என்றான். ஏழெட்டு முட்டை போடுமாம். நாலு குட்டி அவள் பங்குக்கு வந்தால் போதும், பாக்கி பாக்கியில்லாமல் தீர்ந்துவிடும். இருசம்மாள் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். ஆனாலும் பேச்சில் விடக்கூடாது என்று வாரத்தின் மிச்சச் சட்டத்தையும் அவளே எடுத்துச் சொன்னாள்.

"நோவு வந்து தானா செத்தா குடுத்தவங்க நட்டம். வளக்கிறவ கைப்பட்டுச் செத்தா வளக்கிறவ நட்டம். மாத்துக் குடுத்தாகணும்."

"அதெல்லாம் எதுக்குக்கா இப்ப?"

"பேச்சுன்னா எல்லாத்தையும் பேசிடணும் தம்பி."

பிளாஸ்டிக் பெட்டியில் பாம்பு மேலூருக்கு வந்தது. பெட்டிக்குள்ளே இன்னொரு சின்னப் பெட்டி, அதில் ஈரத் தேங்காய்நார்த் தூள், உள்ளே நுழைய ஓர் ஓட்டை. "தூளு காயாம தண்ணி தெளிச்சா போதும். சும்மா சும்மா திறந்து பாக்காதீங்க. கையில எடுக்காதீங்க. அதைத் தனியா விட்டுருங்கக்கா," என்று சொல்லிவிட்டுப் போனான் ரஃபீக். எல்லாவற்றுக்கும் அவள் தலையாட்டினாள். கடைசி வார்த்தை மட்டும் அவளுக்கு ஏறவில்லை. சினையாக இருக்கிற உயிரைத் தனியாக விடுவார்களா? அவள் வாழ்க்கையில் எந்தப் பசுவையும் அப்படி விட்டதில்லை. மடி இறங்கியதிலிருந்து கன்று விழுகிறவரை பக்கத்திலேயே சாக்கைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். கன்று குறுக்கே நின்றால் முழங்கைவரை விளக்கெண்ணெய் தடவிக் கையை உள்ளே விட்டுத் திருப்பி எடுப்பாள். மேலூரில் மட்டும் இல்லை, திருவெள்ளறையிலிருந்துகூட ஆள் வந்து கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். "இருசம்மா கை வச்சா கன்னு வந்துரும்" என்பது அந்தப் பக்கத்தில் எல்லாரும் சொல்கிற பேச்சு.

எனவே பால் கறந்துவிட்டு வந்ததும் திறந்து பார்ப்பாள். சாணி அள்ளிவிட்டு வந்து பார்ப்பாள். புருஷனுக்குக் கஞ்சி ஊற்றிவிட்டுப் பார்ப்பாள். முதுகைத் தடவிக்கொடுப்பாள். பாம்பு ஒவ்வொரு தடவையும் சுருண்டுகொள்ளும். அதை அவள் கூச்சம் என்று நினைத்தாள்.

"பாம்புக்கு வளைகாப்புப் போட்டுரு," என்றான் கட்டிலில் கிடந்த ரெங்கராசு. "வளையல்தான் எங்க மாட்டறதுன்னு தெரியல."

"ஒனக்கு வாய்ல மாட்டறேன் இரு."

"நான் விழுந்து கெடந்தப்பகூட இத்தன தடவ என் மூஞ்சியப் பாக்கலடி நீ."

"ஒன் மூஞ்சியப் பாத்தா கடன் தீருமா?"

அக்கினி நட்சத்திரம் தொடங்கியிருந்தது. தகரக் கூரை பத்து மணிக்கே அடுப்பாகிவிடும். கரண்ட் போனால் மின்விசிறியும் நின்றுவிடும். பாம்புப் பெட்டிமேல் ஈரச்சாக்கைப் போட்டுக்கொண்டே இருந்தாள். அப்படிப் போடுகிற சாக்கில் இன்னொரு தடவை திறந்தும் பார்த்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் பால் கறக்க எழுந்தபோது தூளில் இரண்டு முட்டை கிடந்தன. கோழிமுட்டை மாதிரி ஓடு இல்லை. தோல் முட்டை, நீளமாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. இருசம்மாள் அங்கேயே உட்கார்ந்து கும்பிட்டாள். அன்றைக்கு அவள் பால் ஊற்றப் போகவில்லை.

போனில் ரஃபீக் சந்தோஷப்பட்டான். அவன் முசிறியில் இருந்தான், ஸஹ்ராவைப் பிரசவத்துக்கு அம்மா வீட்டில் விடப் போனவன். "மிச்சத்தையும் போடும்க்கா. பக்கத்துல போகாதீங்க. ஒரு நாள் ஆனாலும் பதறாதீங்க. நான் சாயங்காலம் வந்துடறேன்."

வெயில் ஏறியது. மூன்றாவது வரவில்லை. பாம்பு முட்டைகளைச் சுற்றிப் படுக்காமல் பெட்டிக்குள் சுவரோரமாக நெளிந்து நெளிந்து சுற்றியது. பின்பாதி உடம்பு கட்டை மாதிரி முறுக்கும், தளரும். வாலுக்குக் கொஞ்சம் மேலே முட்டை வரும் வாய் விரிந்து உள்ளே வெள்ளையாக முட்டையின் நுனி தெரிந்தது. அதோடு நின்றுவிட்டது.

பால் வராததால் கீழச்சித்திரை வீதியிலிருந்து வேதவதி மாமி ஆட்டோ வைத்துக்கொண்டு நேரே வந்துவிட்டாள். "ஏன்டி இருசம்மா, பெருமாளுக்கு அமுது பண்ணணும், நாழியாயிடுத்து. ஒரு போன் பண்ணப்படாதோ?" என்றவள் பெட்டியைப் பார்த்ததும் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். "ரங்கா! என்னடி இது?"

"முட்ட நிக்குது மாமி. வரமாட்டேங்குது."

"எங்காத்துப் பெருமாள் அதுமேலதான் படுத்துண்டிருக்கார். ஆனா அதுக்குப் பிரசவம் பாத்ததா எந்தப் புராணத்துலயும் கேட்டதில்லடி," என்ற மாமி, கையிலிருந்த தூக்கில் பாலை வாங்கிக்கொண்டு வாசல்படியிலேயே நின்று சொன்னாள்: "பாவம், வாயில்லா ஜீவன். யாராவது டாக்டர்ட்ட கொண்டுபோயேன்."

"ரஃபீக்கு சாயங்காலம் வந்துரும்."

மாமி போனாள். ரெங்கராசு கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"சாயங்காலம்வர தாங்குமா அது? நுனி தெரியுது. எத்தன கன்னு எடுத்திருக்க நீ. ஒரு முட்டைக்கு இம்புட்டு யோசனையா?"

"தொடாதேன்னு சொல்லிருக்கான்."

"அவன் மீன் விக்கிறவன்டி. அவனுக்கு என்ன தெரியும்?"

அவன் சொல்லாவிட்டாலும் அவள் செய்திருப்பாள். கை அதுவாகவே விளக்கெண்ணெய்ப் பாட்டிலைத் தேடியது. விரலில் எண்ணெய் தடவி, முட்டையைச் சுற்றி ஓட்டினாள். பாம்பு முறுக்கும் நேரம் பார்த்துப் பசுவுக்கு இழுப்பதுபோலவே இழுத்தாள். முக்கும்போது இழுக்கணும், தளரும்போது விடணும். மூன்றாம் முறை முட்டை வந்தது. வந்ததோடு உள்ளே ஏதோ நூல் அறுந்த மாதிரி ஒரு விடுபாடு அவள் விரலுக்குத் தெரிந்தது. பசுவிடம் அப்படி ஒன்றும் தெரிந்ததில்லை. பின்னாலேயே ரத்தம் சொட்டியது. கொஞ்சம்தான். அதிகம் இல்லை.

"வந்துருச்சா?" என்றான் ரெங்கராசு.

அவள் பெட்டிக்குள் குனிந்தாள். பாம்பு முக்குவதை நிறுத்தியிருந்தது. வயிற்றில் இன்னும் மேடு தெரிந்தது. அப்படியே துணியை நனைத்து, ரத்தத்தையும் எண்ணெயையும் துடைத்தாள். ஒரு சொட்டு மிச்சமில்லாமல் துடைத்தாள். ஏன் துடைத்தோம் என்று அப்போது அவளுக்குத் தெரியாது. பிறகுதான் தெரிந்தது.

டாக்டரிடம் போய்விடலாம் என்று வெளியே வந்தபோது ஆசீரின் ஆட்டோ தெருமுனையில் நின்றது. முட்டைகளை வீட்டில் வைத்துவிட்டு, பாம்புப் பெட்டியை மடியில் வைத்து ஏறினாள்.

"யக்கா, மூடி கெட்டியாத்தானே இருக்கு?"

"ஓட்டு ஆசீரு."

"இல்லக்கா, பாலத்துல டிராஃபிக் நிக்கும். அப்ப அது எந்திரிச்சு ஏசு ரட்சிக்கிறார்னு வண்டியில எழுதிருக்கறதப் படிச்சுட்டு எம்மேல ஏறுச்சுன்னா நான் காவேரியில குதிக்கிறத் தவிர வழியில்ல. காவேரியிலயும் தண்ணியில்ல."

அவள் சிரிக்கவில்லை. கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் வண்டியை விரட்டினான். பாலத்துக்குக் கீழே மணல் வெள்ளையாகக் கொதித்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நெரிசல். அங்கே நின்றபோது ரஃபீக்குக்குப் போன் போட்டு, நேரே ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாள். கே.கே. நகர் மிருக ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் ஈரச்சாக்கு காய்ந்துவிட்டது.

நாயும் பூனையுமாக வரிசை. பாம்பு என்றதும் எல்லாரும் வழிவிட்டார்கள். டாக்டர் அனுபமா சின்னப் பெண். கையுறை போட்டுக்கொண்டு பாம்பைத் தூக்கி, வயிற்றை விரலால் நீவிப் பார்த்தாள். படம் எடுத்தாள். "இன்னும் ரெண்டு இருக்கு," என்றாள். "ஒண்ணு பெருசு, கோணலா நிக்குது. நான் பாம்பு அதிகம் பாத்ததில்லம்மா. சென்னையில எங்க சார் ஒருத்தர் இருக்காரு, அவர போன்ல வச்சுக்கிட்டுத்தான் செய்யணும். எத்தன நாளா பெட்டி உங்ககிட்ட இருக்கு? அடிக்கடி திறந்தீங்களா?"

"பக்கத்துலயேதாம்மா இருந்தேன். ஒரு நிமிசம் தனியா விடல."

டாக்டர் என்னவோ சொல்ல வந்து நிறுத்தினாள். "மாடு ஆடு மாதிரி இல்லம்மா இது. ஆள் பக்கத்துல இருந்தாலே இதுக்குப் பயம். பயந்தா முட்டைய அடக்கிக்கும்."

இருசம்மாள் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு கேக்கறேன். திட்டமாட்டேன், உண்மையச் சொல்லுங்க. யாராவது பிடிச்சு இழுத்தீங்களா? இழுத்திருந்தா நான் வேற மாதிரி பாக்கணும். ஊசி போட முடியாது."

அந்த ஒரு மூச்சு நேரத்தில் அவள் கண்முன்னே என்னென்னமோ வந்தது. கைப்பட்டுச் செத்தா வளக்கிறவ நட்டம். அவள் வாயாலேயே சொன்ன சட்டம். நாற்பத்தோராயிரத்து எழுநூறு, அதற்குமேல் ஒரு பாம்பு. கொட்டகையில் செவலை தனியாக நின்று அசைபோடுவது.

"இல்லம்மா," என்றாள். "அதுவாத்தான் போட்டுச்சு."

டாக்டர் ஊசி போட்டாள். முட்டைப்பையைச் சுருங்கவைத்து வெளியே தள்ளுகிற மருந்தாம். பிறகு வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் பாம்பை வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் பின்பாதி முறுக்க ஆரம்பித்தது. "பாத்தீங்களா, வேலை செய்யுது," என்றாள் டாக்டர். இருசம்மாளும் பார்த்தாள். முறுக்குவது எப்படி என்று அவளுக்குத் தெரியும். அது ஈனுகிற முறுக்கு இல்லை. சொல்லிவிடலாம் என்று வாய் திறந்தாள். அப்படியே மூடிக்கொண்டாள். தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறியது. பாம்பு வாயைத் திறந்து தலையை மல்லாத்தியது.

தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். வயிற்றைத் திறந்தார்கள். வெளியே நாய்கள் குரைத்துக்கொண்டே இருந்தன. டாக்டர் திரும்பி வந்தபோது கையுறையைக் கழற்றியிருந்தாள்.

"உள்ள கிழிஞ்சிருந்துச்சும்மா. பழைய கிழிசல் இல்ல, இன்னைக்கு ஆனது. கிழிஞ்ச எடத்த இன்னும் சுருங்குன்னு நான் ஊசி போட்டிருக்கேன்." குரலை உயர்த்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள். "நீங்க சொல்லியிருந்தா போட்டிருக்கமாட்டேன்."

இருசம்மாள் விரல்களை முந்தானையில் துடைத்தாள்.

"ஓனர் வராராமே. நான் அவர்கிட்ட சொல்லல. நீங்களே சொல்லுங்க."

ரஃபீக் முசிறி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. துணியை விலக்கிப் பாம்பின் தலையை ஒரு விரலால் தொட்டான். பந்துமாதிரி சுருள்வதற்கு அதில் உயிர் இல்லை. டாக்டர், "முட்டை சிக்கியிருந்துச்சு, காப்பாத்த முடியல," என்று சொல்லிவிட்டு இருசம்மாளைப் பார்த்தாள். ரஃபீக்கும் இருசம்மாளைப் பார்த்தான்.

"அழாதீங்கக்கா. உங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சுட்டீங்க." ஃபீஸை அவனே கட்டினான். வெளியே வந்து ஆட்டோவுக்குக் காத்திருக்கும்போது சிரிக்கப் பார்த்தான். "தானா செத்தா குடுத்தவன் நட்டம். நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க."

அவள் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டில் ரெங்கராசு அவனாலானதைச் செய்து வைத்திருந்தான். கட்டிலைவிட்டு ஊர்ந்து இறங்கி, மூன்று முட்டையையும் எடுத்துச் சுத்தமாகக் கழுவி, அடைக்கோழிக்கு வைப்பதுபோலத் தவிட்டில் திருப்பித் திருப்பி அடுக்கியிருந்தான். பாம்பு முட்டையைத் திருப்பக்கூடாது என்று அவனுக்குத் தெரியாது. இழுத்தெடுத்த முட்டை ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. மற்ற இரண்டும் எட்டு நாளைக்குள் குழிவிழுந்து நீலப்பூசணம் பூத்தன. வாய்க்கால் ஓரமாகக் குழி தோண்டிப் போட்டாள்.

"பேசாம இரு," என்றான் ரெங்கராசு. "அவனே போகட்டுங்கறான். நீ ஏன் மூஞ்சியத் தூக்கிக்கிட்டுத் திரியற? பாம்புக்கு யாரு சாட்சி?"

"நீ இருக்கியே."

"நான் பொண்டாட்டிக்கு எதிரா சாட்சி சொல்ற ஆளா?"

"என் கை இருக்குல்ல," என்றாள்.

காலையில் ரஃபீக் வீட்டுக்குப் பால் ஊற்றுவாள். அவன் வழக்கம்போல அண்ணன் இடுப்பை விசாரிப்பான். கண்ணாடித் தொட்டிகளுக்கு நடுவே பாம்பு இருந்த இடம் வெறுமையாக இருக்கும். கடைக்கு வாடகை பாக்கி நிற்பதாகக் கட்டடக்காரன் சத்தம்போடுவதை ஒருநாள் அவள் காதாலேயே கேட்டாள். அன்றைக்கும் பால் ஊற்றிவிட்டுத் திரும்பினாள்.

ஒருநாள் மத்தியானம் பக்கத்துக் கொட்டகை ஆனந்தவள்ளியின் பசு ஈன முடியாமல் நின்றது. ஆள் வந்து கூப்பிட்டதும் இருசம்மாள் போனாள். விளக்கெண்ணெய் தடவினாள். பசு திரும்பி அவளைப் பார்த்தது. முக்கியது. அந்த நேரத்தில் கை போயிருக்க வேண்டும். போகவில்லை. முழங்கைவரை எண்ணெய் வழிய நின்றாள்.

"என்னக்கா பாத்துக்கிட்டு நிக்கிற? குளம்பு தெரியுது பாரு!"

"டாக்டரக் கூப்புடு வள்ளி."

"டாக்டரா? நீ இருக்கறப்ப எதுக்கு டாக்டரு?"

"என்னால ஆவாது. கூப்புடு."

ஆனந்தவள்ளி திட்டிக்கொண்டே அவளைத் தள்ளிவிட்டுத் தானே கையை விட்டாள். கன்று பிழைத்தது. அதற்குப்பிறகு யாரும் இருசம்மாளைக் கூப்பிடவில்லை.

அந்தக் கன்று பிறந்த மறுநாள் விடிந்ததும் செவலையைக் கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்தாள். ரெங்கராசு கட்டிலிலிருந்து கத்தினான், பிறகு கெஞ்சினான். "சினையா இருக்குடி. ஏழு மாசம். அதையும் வித்துட்டு எதக் கறப்ப?" அவள் திரும்பிப் பார்க்கவில்லை. டிரங்க் ரோட்டில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் ஒதுங்கி ஒதுங்கிச் செவலையை நடத்திக்கொண்டே திருவானைக்காவல் போய், மீன்தொட்டிக் கடை வாசலில் நின்றாள்.

ரஃபீக் ஷட்டரைத் தூக்கிவிட்டுப் பார்த்தான். "என்னக்கா, பாலோட மாட்டையே கூட்டிட்டு வந்துட்டீங்க?"

"நான் இழுத்தேன் தம்பி."

"என்னது?"

"முட்டைய. எண்ண தடவி இழுத்தேன். உள்ள அறுந்துச்சு. டாக்டரம்மா கேட்டாங்க, இல்லேன்னு சொன்னேன். அதனாலதான் ஊசி போட்டாங்க. அதனாலதான் செத்துச்சு. கைப்பட்டுச் செத்தது. என் நட்டம்."

ஒரு தொட்டியில் காற்றுக் குமிழி ஏறிக்கொண்டிருந்தது. ரஃபீக் அதையே பார்த்தான்.

"முசிறி யாவாரிகிட்ட சொல்லிருக்கேன். வருவான்," என்றாள். "நல்ல வெல கேளு. பல்லு நாலுதான், இளசு, ரெண்டாம் ஈத்து."

வேண்டாம்க்கா என்று அவன் சொல்லுவான் என அவள் வழியெல்லாம் பயந்துகொண்டே வந்திருந்தாள். சொன்னால் என்ன செய்வது என்று தெரியாமல்தான் வந்தாள். அவன் சொல்லவில்லை.

வியாபாரி சின்ன லாரியோடு வந்தான். செவலையின் பல்லைப் பிடித்துப் பார்த்தான், மடியை அமுக்கினான், குறை சொன்னான். ரஃபீக்குக்கு மாட்டு விலை தெரியாது. இருசம்மாளே பேசி ஐம்பத்தெட்டாயிரத்துக்கு நிறுத்தினாள். மாட்டை ஏற்றும்போது வியாபாரி வழக்கப்படி நின்றான். விற்கிறவர்கள் மாட்டைக் கொடுத்தாலும் கயிற்றைக் கொடுக்கமாட்டார்கள். கயிறு வீட்டில் இருந்தால் இன்னொரு மாடு வந்து சேரும் என்று உருவிக்கொள்வார்கள்.

"கயித்த அவுத்துக்கம்மா. நான் வேற கொண்டாந்திருக்கேன்."

"இருக்கட்டும். அதோடயே கொண்டுபோ," என்றாள்.

வியாபாரி அவளை ஒருமாதிரி பார்த்துவிட்டு ஏறிக்கொண்டான். லாரி கிளம்பும்போது செவலை ஒருதரம் கத்தியது.

ரஃபீக் பணத்தை எண்ணினான். நாற்பத்தோராயிரத்து எழுநூறை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அவள் பக்கம் நீட்டினான். அவள் வாங்கவில்லை. "பாம்புக்கு. டாக்டர் ஃபீஸுக்கு," என்றாள். அவன் கை கொஞ்சநேரம் நீண்டபடியே இருந்தது. பிறகு மடங்கியது. பணம் கல்லாவுக்குள் போனது.

"தீந்துச்சா தம்பி?"

"தீந்துச்சுக்கா."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் கொஞ்சநேரம் அங்கேயே நின்றாள். ரஃபீக் குனிந்து மீனுக்குத் தீனி போட ஆரம்பித்தான்.

அண்ணனுக்கு இடுப்பு எப்படி இருக்கு என்று அவன் கேட்கவில்லை.